குடைக்கம்பி சொல்லும் ஒளிப் பாடம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி போன மாதம் போன் பண்ணி, "தம்பி, நீ பார்க்கிற வேலையைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு. ஆனா நாங்க தூங்கிறக் கூடாது" என்றார். அந்த இரண்டாவது நிபந்தனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மதியச் சாப்பாடு வேறு பிரமாதமாக முடிந்திருக்கிறது. முடிந்தவரை முயற்சி செய்கிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2009இல் இந்தக் கல்லூரியில் இயற்பியல் இளங்கலை முடித்தவன் நான். இரண்டாம் ஆண்டில் 'ஒளியின் தளவிளைவு' என்று ஒரு சோதனை உண்டு. நாம் பேச்சில் போலரைசேஷன் என்கிறோமே, அதுதான். இரண்டு போலராய்டு தகடுகளை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து, ஒன்றைத் திருப்பிக்கொண்டே வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளக்க வேண்டும். 60 பாகை திருப்பினால் வெளிச்சம் கால் பங்காகும், 90 பாகையில் இருட்டாகும். நான் அளக்கவே இல்லை. ஒரு சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். எங்கள் பேராசிரியர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏல, ரீடிங் இவ்வளவு சரியா வராதுல. எந்த அண்ணன் நோட்டு?" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு ஐந்து வருஷம் கழித்து விலை கொடுக்க வேண்டி வந்தது.

மேற்படிப்பெல்லாம் முடித்து, லேசர் வெட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். 2013 என்று நினைவு. இன்று தகடு வெட்ட பெரும்பாலும் ஃபைபர் லேசர்கள் வந்துவிட்டன. அன்று கார்பன் டை ஆக்சைடு லேசர்கள் நிறைய இருந்தன. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். ஒரு சிறு பட்டறையில் எஃகுத் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு கோளாறு. கிழக்கு மேற்காக வெட்டினால் விளிம்பு வழவழப்பாக வருகிறது. வடக்கு தெற்காக வெட்டினால் பிசிறு தட்டுகிறது. சாய்வாக வெட்டினால் வெட்டு செங்குத்தாக இறங்காமல் ஒரு பக்கமாகச் சரிகிறது. வட்டம் வெட்டினால் பாதி வட்டம் நல்லவன், பாதி வட்டம் கெட்டவன்!

நான் மூன்று வாரம் அலைந்தேன். முனையை மாற்றினேன், வாயு அழுத்தத்தை மாற்றினேன், லென்ஸை மாற்றினேன், மேசை ஓடும் தண்டவாளத்தைச் சோதித்தேன். கடைசியில் அந்தப் பட்டறைக்காரரிடம், "உங்க தகடுதான் சார் மட்டம்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பி வேறு தகடு வாங்கினார். அதிலும் அதே கதை. கெடு தேதி தாண்டி, கையிலிருந்த ஆர்டர் போய்விட்டது. என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. "சரி தம்பி, பாத்துக்கிடலாம்" என்றார். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கோளாறு எங்கே என்றால், என் கையில்! அந்த இயந்திரத்தில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளில் ஒன்று சாதாரணக் கண்ணாடி அல்ல. லேசரிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிரும். அந்தச் சிறப்புக் கண்ணாடி அதை வட்டமாகச் சுழலும் தளவிளைவாக மாற்றும். எந்தத் திசையில் வெட்டினாலும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. சுத்தம் செய்வதற்காகக் கழற்றிய நான், அந்த இடத்தில் சாதாரணக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. ஒளி ஒரே திசையில் அதிர்ந்தபடியே உலோகத்துக்குள் இறங்கியது. வெட்டும் சுவரை நோக்கி அதிரும் ஒளியை உலோகம் நன்றாக உறிஞ்சும். சுவரை ஒட்டிப் படுக்கையாக அதிரும் ஒளியைத் திருப்பி எறிந்துவிடும். இரண்டு போலராய்டு தகடுகளை உண்மையிலேயே கையால் திருப்பிப் பார்த்திருந்தால், 'திசைக்குத் திசை மாறுகிறது' என்ற முதல் நாளே எனக்கு மூளையில் மணி அடித்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பாடத்தை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஒளி ஒரு அலை. கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறு முனையை உதறினால், கயிறு மேலும் கீழும் ஆடும், அலை முன்னே போகும். போகும் திசை வேறு, ஆடும் திசை வேறு. ஒளியும் அப்படியே. அந்த ஆடும் திசைதான் தளவிளைவு. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் தளவிளைவுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கொக்கிரகுளம் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று தாமிரபரணியைப் பாருங்கள். 1843இல் திறந்த பாலம் அது. வெயில் நேரத்தில் வெறுங்கண்ணால் பார்த்தால் தண்ணீர் தகதகவென்று கூசும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கூச்சம் அடங்கி, தண்ணீர் தெளிந்திருந்தால் அடியில் கிடக்கும் மணலும் மீனும் தெரியும். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 பாகைச் சாய்வில் தண்ணீர் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி, படுக்கைவாட்டில் மட்டுமே அதிரும். அதைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

இதே வித்தையைத்தான் 1921இல் சர் சி.வி. ராமன் கப்பலில் செய்தார். ஒரு நிக்கல் பட்டகத்தை வைத்து, கடலில் பட்டுத் தெறிக்கும் வான வெளிச்சத்தை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீலம் வானத்தின் பிம்பம் அல்ல, தண்ணீரே ஒளியைச் சிதறடிப்பது என்று புரிந்தது. பிறகு 1928இல் ராமன் விளைவு. அதிலே ராமனோடு உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், 1898இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். சிதறி வந்த புதிய ஒளி சாதாரண ஒளிர்தல் அல்ல என்று அவர்கள் முடிவுக்கு வர ஒரு முக்கியக் காரணம், அந்த ஒளி பலமாகத் தளவிளைவுற்றிருந்தது. ஆக இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை.

இனி விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். லேசர் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கிறோம். எவ்வளவு சின்னப் புள்ளியாகக் குவிக்கிறோமோ அவ்வளவு லாபம். குறுந்தட்டு ஞாபகம் இருக்கிறதா? சி.டி., பிறகு டி.வி.டி., பிறகு புளூரே. மூன்றும் ஒரே அளவுத் தட்டுதான். 780 நானோமீட்டர் ஒளி 650 ஆகி, 405 ஆனது. லென்ஸின் குவிக்கும் திறனைச் சொல்லும் எண் 0.45இலிருந்து 0.6 ஆகி, 0.85 ஆனது. புள்ளி சிறுத்தது, கொள்ளளவு பெருகியது. அந்த எண் 1ஐ நெருங்க நெருங்க, லென்ஸின் விளிம்பில் வரும் ஒளி மிகக் கூர்மையாக உள்பக்கம் மடங்க வேண்டும். 0.9 என்றால் விளிம்பு ஒளி 64 பாகை மடங்குகிறது.

அப்படி மடங்கும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. 'ஒளி குறுக்கலை, போகும் திசையில் அதிராது' என்று நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு கதிருக்கும் அது சரி. ஆனால் பல திசையிலிருந்து கதிர்கள் வந்து கூடும் அந்தப் புள்ளியில், கற்றை மொத்தமாகப் போகும் திசையிலேயே அதிர்வு வந்துவிடுகிறது. புத்தகம் பொய் சொல்லவில்லை. புத்தகம் அகலமாக, மெதுவாகக் குவியும் கற்றையைப் பற்றிச் சொன்னது. 1959இல் ரிச்சர்ட்ஸ், வுல்ஃப் என்ற இருவர் இறுக்கிக் குவித்த ஒளிக்கான கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டினார்கள். அதன்படி, ஒரே திசையில் அதிரும் ஒளியை இறுக்கிக் குவித்தால், புள்ளி வட்டமாகவே இருக்காது. அதிரும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகிவிடும்.

இதைக் கணக்கில்லாமல் புரியவைக்க ஒரு குடை போதும். குடையை முழுசாக விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பிகள் நடுத்தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஒளிக்கற்றையில் அதிர்வுகள் இந்தக் கம்பிகளைப் போலவே மையத்திலிருந்து வெளிநோக்கி இருந்தால், அதற்கு ஆரத் தளவிளைவு என்று பெயர். இப்போது குடையை மெல்ல மடக்குங்கள். லென்ஸ் செய்யும் வேலை அதுதான். கம்பிகள் சாய்கின்றன, சாய்ந்து சாய்ந்து தண்டோடு ஒட்டுகின்றன. கிழக்குக் கம்பியின் பக்கவாட்டு இழுப்பை மேற்குக் கம்பி சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் தண்டின் திசையில் எல்லாக் கம்பியும் ஒன்றுசேர்கின்றன. ஒளியிலும் இதே கதை. குவியும் புள்ளியின் நடுவில் குறுக்கு அதிர்வு எல்லாம் அடித்துப் போக, நெடுக்கு அதிர்வு மட்டும் கூடி நிற்கிறது. ஊசி மாதிரி!

இதற்கு நேர்மாறாக, அதிர்வுகள் குடைத் துணியின் விளிம்பைப் போல வட்டமாகச் சுற்றி இருந்தால்? குடையை எவ்வளவு மடக்கினாலும் அந்த விளிம்பு தண்டின் திசைக்குத் திரும்பாது. நடுவில் ஒன்றும் சேராது. அங்கே இருட்டு, சுற்றிலும் வெளிச்சம். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. ஆக, லென்ஸ் ஒன்றுதான், லேசர் ஒன்றுதான். உள்ளே அனுப்பும் அதிர்வின் வடிவத்தை மாற்றினால் ஊசியும் கிடைக்கும், வடையும் கிடைக்கும்.

வெறும் கணக்கோடு நிற்கவில்லை. 2003இல் ஜெர்மனியில் டோர்ன், குவாபிஸ், லாய்க்ஸ் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். 0.9 எண் கொண்ட லென்ஸில் ஆரத் தளவிளைவு ஒளியை, நடுப்பகுதியை மறைத்து வளையமாக அனுப்பினார்கள். புள்ளியின் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தில் 0.16 பங்குதான் வந்தது. ஒரே திசையில் அதிரும் ஒளிக்கு 0.26 பங்கு. கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் மிச்சம்! அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவியில் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அரை அலைத் தகடு நான்கை, கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை நாலாக உடைத்த மாதிரி, நான்கு கால்வட்டமாக வைத்து, ஒவ்வொன்றின் அச்சையும் வேறு வேறு திசையில் திருப்பினார்கள். ஒவ்வொரு கால்வட்டமும் தன் பங்கு ஒளியின் அதிர்வை வெளிநோக்கித் திருப்பிவிட்டது. மிச்சம் இருந்த கரடுமுரடை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒளியை விட்டு வடிகட்டினார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். என் பழைய பட்டறைக்கே லாபம். ஆரத் தளவிளைவு ஒளி உலோகத்தை வெட்டினால், எந்தப் பக்கச் சுவரைப் பார்த்தாலும் அதிர்வு சுவரை நோக்கியே இருக்கும். வட்டத் தளவிளைவைவிட வெட்டும் திறன் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடும் என்று நீசியேவ், நெஸ்தெரோவ் என்ற ரஷ்ய அறிஞர்கள் 1999இல் கணக்கிட்டார்கள். இன்னொரு பக்கம் உயிரியல். செல்லுக்குள் மிக நுண்ணியவற்றைப் பார்க்கும் நுண்ணோக்கிக்காக ஸ்டெஃபான் ஹெல் 2014இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அந்த நுண்ணோக்கிக்கு உயிரே அந்த வடை ஒளிதான். நடுவில் சுத்தமான இருட்டு வேண்டும். அங்கே வட்டத் தளவிளைவைச் சுழல் அலையோடு சேர்த்து வடையை உண்டாக்குவார்கள். தளவிளைவு வலச்சுற்றா இடச்சுற்றா என்பதில் தவறினால், நெடுக்கு அதிர்வு வந்து ஓட்டையை அடைத்துவிடும். படமே கெட்டுப்போகும். கண்ணாடியை மாற்றி மாட்டிய என்னைப் போல் அங்கேயும் ஒருவர் மூன்று வாரம் அலைவார்!

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒளியின் அதிர்வை இடத்துக்கு இடம் வேறு வேறாகத் திருப்பும் மெல்லிய தகடுகள் இன்று வந்துவிட்டன. அவை வேலை செய்யும் விதிக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் பெயர் 'பஞ்சரத்தினம் - பெர்ரி கட்டம்'. முதல் பெயர் நம்முடையது.

எஸ். பஞ்சரத்தினம் 1934இல் கல்கத்தாவில் பிறந்த தமிழர், சி.வி. ராமனின் மருமகன் முறை. பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் படிகங்களின் வழியாக ஒளியை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கற்றைகள் வேறு வேறு தளவிளைவில் இருந்தால், அவை 'சேர்ந்து ஆடுகின்றன' என்று எப்படிச் சொல்வது? இந்த எளிய கேள்வியை அவர் கேட்டார். விடை 1956இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 22.

அந்த விடையை நம்மூர் பாஷையில் சொல்கிறேன். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையிலிருந்து கிளம்பி நான்கு ரதவீதியும் சுற்றி நிலைக்கே வருகிறது. பார்த்தால் கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. ஒளியின் தளவிளைவையும் அப்படி ஒரு சுற்று சுற்றிவிட்டு, பழைய நிலைக்கே கொண்டுவரலாம். தளவிளைவு பழையபடிதான் இருக்கும். ஆனால் அலையின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். எவ்வளவு தள்ளும்? தளவிளைவின் எல்லா நிலைகளையும் ஒரு கோளத்தின் மேல் குறித்துக்கொண்டால், அந்தச் சுற்று அடைத்த பரப்பு உண்டாக்கும் திண்மக் கோணத்தில் சரிபாதி. போன பாதையை ஒளி மறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று தகட்டில் ஒவ்வொரு இடத்திலும் அச்சைத் திருப்பி வைத்து, ஒளியை நினைத்த வடிவத்துக்கு வளைக்கிறார்கள் என்றால், இந்த விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் கட்டுரை இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளிவந்தது. உலகம் கவனிக்கவில்லை. 1984இல் இங்கிலாந்தில் மைக்கேல் பெர்ரி இதே கருத்தைப் பொதுவாகக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றார். 1986இல் பெங்களூரிலிருந்து எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்தியானந்தாவும், 'இதற்கு முன்னோடி எங்கள் பஞ்சரத்தினம்' என்று எடுத்துக்காட்டினார்கள். பெர்ரி பெருந்தன்மையோடு அதை ஏற்று, 1987இல் பஞ்சரத்தினத்தின் வேலையை விளக்கித் தாமே ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் பஞ்சரத்தினம் 1969இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் 35 வயதில் காலமாகிவிட்டார். எனக்கு இப்போது அவரைவிட வயது கூடிவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

தம்பி தங்கைகளே, நான் சொல்ல வந்தது இதைத்தான். நாம் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, 'இதெல்லாம் அமெரிக்காவிலயும் ஜெர்மனியிலயும் செய்யுற வேலை, நமக்கு எதுக்கு' என்று நினைக்கிறோம். தப்பு. இறுக்கிக் குவித்த ஒளியைப் பற்றி 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து சர்வதேச இதழ்களில் வந்த கணக்கீட்டுக் கட்டுரைகளில் ஒரு வரிசையே தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கிறது. திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் என்று நமக்குத் தெரிந்த ஊர்களின் ஆசிரியர்கள் எழுதியவை. ரிச்சர்ட்ஸ் - வுல்ஃப் கணக்கை எடுத்துக்கொண்டு, வளையங்கள் வைத்தும் மறைப்புகள் வைத்தும் நீண்ட ஊசி ஒளி எப்படி வரும், ஓட்டை ஒளி எப்படி வரும் என்று போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்குக்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். பைத்தான் என்கிற இலவச மொழியில் எழுதலாம். கொஞ்சம் பொறுமையும் பெசல் சார்புகளும் வேண்டும். பெசல் சார்பு உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். சோதனையாகவே செய்ய ஆசைப்பட்டால் ஹைதராபாத் பல்கலைக்கழகம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், கொல்கத்தா ஐசர் என்று நம் நாட்டிலேயே இந்தத் துறையில் நல்ல குழுக்கள் உண்டு.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொரு வருஷமும் கூடி, நன்றாகச் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கலைகிறோம். அதுவும் வேண்டியதுதான். கூடவே இந்த வருஷம் என் பங்காக இயற்பியல் துறைக்குச் சில போலராய்டு தகடுகளும், அரை அலைத் தகட்டுப் படலங்களும், நுண்ணோக்கி லென்ஸ் ஒன்றும் வாங்கித் தருகிறேன். படலத்தை நாலாக வெட்டி, அச்சைத் திருப்பி ஒட்டி, மாணவர்களே ஆரத் தளவிளைவு ஒளியை உண்டாக்கலாம். அதன் எதிரில் ஒரு போலராய்டைத் திருப்பினால், இருட்டும் வெளிச்சமுமாக ஒரு பட்டாம்பூச்சி வடிவம் கூடவே சுற்றும். லேசரை மட்டும் நேராகக் கண்ணில் பார்த்துவிடாதீர்கள். மற்றபடி ஒரு பகல் பொழுது வேலை. பக்கத்துத் துறை அண்ணாச்சிகளும் தங்கள் துறைக்கு ஏதாவது யோசியுங்கள்.

ஆசிரியப் பெருமக்களிடமும் சிறியவன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரீடிங் தப்பாக வந்தால் தப்பாகவே எழுதும் மாணவனுக்கு மார்க் குறைக்காதீர்கள். 60 பாகையில் கால் பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு வந்தால், அது ஏன் வந்தது என்று அவன் தேடட்டும். வெளி வெளிச்சம் கலந்ததா, தகடு பழசா, சுழியம் தள்ளியிருந்ததா என்று தேடுகிற அந்த அரை மணி நேரம்தான் பாடம். அந்த அரை மணி நேரத்தை நான் மிச்சம் பிடித்தேன். ஒரு பட்டறைக்காரர் அதற்குப் பணம் கட்டினார்.

அவரைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன். கோளாறு என்னால் வந்ததுதான் என்று அத்தனை வருஷம் கழித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு காபி வரவழைத்துவிட்டு, "அந்தக் கண்ணாடியை எப்படிப்பா அடையாளம் கண்டுபிடிக்கிறது? என் பையனுக்குச் சொல்லிக் குடு" என்றார். அவன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஒரு பழைய குடையை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு உங்களுக்குச் சொன்னதும் அதே பாடம்தான்.

 செயலாளர் அண்ணாச்சி தூங்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.